பிளனற் சட்டையும் சுதேசக் கைத்தொழிலும்

குளிரைப் பற்றிப் பேசுதற்கு நம் நாட்டில் உரிமையுடையோர் மலைநாட்டாரே. கடற்கரையிலும் சமவெளியிலும் வாழ்வோர்க்கு ஆடை என்பது மானங் காப்பதற்கும் அழகு செய்வதற்கும் உரிய பொருள். நுவரெலியாவிலோ, தை மாதத்து விடியற்காலையில், புல்நுனியில் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும்பொழுது, ஆடை உயிர் காக்கும் பொருளாகிவிடுகின்றது. முற்காலத்திலே தோட்டத் தொழிலாளர் முரட்டுக் கம்பளியைத் தலையிலிருந்து முதுகுவரை போர்த்தி, அதன்மேற் கூடையைத் தொங்கவிட்டுக் கொழுந்து பறித்த காட்சியைக் கண்டவர்கள் ஆடையின் முதற்பயன் யாதென்பதை நன்குணர்வர்.

யான் மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் கற்பித்த காலத்தில், குளிர் தாங்காது, நுவரெலியாக் கடைவீதிக்குச் சென்று கட்டம் போட்ட பிளனற் சட்டையொன்றை விலை பேசினேன். கடைக்காரர் முதியவர். "ஐயா, இது வெளிநாட்டுக்கெண்டு தைச்ச சட்டை, கன காலம் உழைக்கும்" என்றார். "எங்கே தைத்தது?" என்றேன். "இஞ்சைதான், எங்கட பிள்ளையள் தைச்சது" என்றார். "துணி எங்கே நெய்தது?" என்று மீண்டும் வினவினேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது ஆருக்கு ஐயா தெரியும்?" என்றார். சட்டையை வாங்கிக்கொண்டேன். ஆயினும் அவர் விடைகூறாது விட்ட வினா என்னை விட்டபாடில்லை. நெடுநாள் உழைக்கும் சட்டை எது? சுதேசச் சட்டை எது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடப் புகுந்தால், ஒரு துணியின் வரலாறு நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நீண்டு செல்வதைக் காணலாம்.

பிளனல் என்னும் சொல் ஆங்கிலத்திலே வழங்குவதாயினும், அதன் வேர் வேல்ஸ் நாட்டு மொழியில் உள்ளதென்பதே மொழியறிஞர் பலரின் கருத்து. அம்மொழியிலே 'குலான்' என்றால் ஆட்டுமயிர். கம்பளி நூலை மெதுவாக முறுக்கி, சற்றே தளர்வாக நெய்து, பின்னர் நீரிலே அடித்துத் தடிப்பாக்கி, மேற்பரப்பிலுள்ள இழைகளைக் கீறி மென்பஞ்சு போல எழுப்பினால் கிடைப்பது பிளனல். இழைகளை எழுப்புதற்கு முற்காலத்தில் ஒருவகைச் செடியின் முட்கள் நிறைந்த காய்ந்த பூந்தலையைப் பயன்படுத்தினர். பிற்காலத்திலே கம்பிப் பற்கள் பொருந்திய உருளைகள் வந்தன.

இத்துணி எவ்வாறு குளிரைத் தடுக்கின்றது? வெப்பத்தைத் தருவது துணியன்று. எழுப்பிய இழைகளுக்கிடையே சிறைப்பட்டிருக்கும் காற்றே உடலின் சூட்டை வெளியேறவிடாது தடுக்கின்றது. எனவே இழைகள் எவ்வளவுக்கு எழும்பி நிற்கின்றனவோ அவ்வளவுக்குச் சட்டை வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால், இழைகளை எழுப்புவதென்பது நூலின் உடலிலிருந்தே அவற்றைப் பிடுங்கி வெளியிழுப்பதாகும். மிகையாக எழுப்பினால் நூல் மெலியும். துணி விரைவிற் கிழியும். வெதுவெதுப்பும் உறுதியும் ஒன்றையொன்று விழுங்க முயல்வன. இரண்டையும் ஒருங்கே பேணுதலே பிளனல் செய்வோனின் திறமை. கடையிலே மிக மிருதுவாகத் தோன்றும் சட்டை இரண்டாம் ஆண்டிலே முழங்கையில் ஓட்டையாவதன் காரணமும் இதுவே.

வேல்ஸ் நாட்டிலே ஆடுகள் மிகுதி. மலைச்சாரலில் ஓடும் நீரும் மிகுதி. ஆதலால் உழவர் குடும்பங்கள் தம் வீட்டிலேயே நூல் நூற்று நெய்து வந்தன. ஆனால், நெய்தவர் கையிற் பணம் பெரிதும் தங்கவில்லை. எல்லைக்கப்பாலிருந்த சுரூஸ்பரி நகரத்து அறுவை வணிகர் குழு வேல்ஸ் துணி வாணிகத்தை நீண்ட காலம் தன் பிடியில் வைத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே செவேர்ன் நதிக்கரையிலுள்ள நியூரவுன் என்னும் சிற்றூர் பிளனல் நெசவினால் ஓங்கி, 'வேல்ஸ் நாட்டின் லீட்ஸ்' எனப் பெயர் பெற்றது. அங்கு கட்டிய வீடுகளின் அமைப்பே அத்தொழிலின் கதையைச் சொல்லும். கீழ்த்தட்டுகளிலே குடும்பங்கள் நெருங்கி வாழ, மேல்தட்டுகள் சுவர்த் தடுப்பில்லாத நீண்ட கூடங்களாக, வெளிச்சத்துக்கென வரிசையான சாளரங்களுடன் தறிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அத்தகைய கட்டடமொன்று இன்று நெசவு நூதனசாலையாக விளங்குகின்றது. கூட்டுறவு இயக்கத்தின் தந்தையெனப் போற்றப்படும் றொபேட் ஓவன் 1771இற் பிறந்ததும் 1858இல் மறைந்ததும் இவ்வூரிலேயே.

இனி, சுதேசத் துணி என்னும் எண்ணத்துக்கு வருவோம். தன் நாட்டுத் துணியையே தன் மக்கள் உடுக்க வேண்டுமென்பது காந்தியடிகள் காலத்தில் எழுந்த புதுக் கொள்கை என நம்மிற் பலர் நினைப்பதுண்டு. உண்மையில், அதனைச் சட்டத்தின் வலியாற் செய்து காட்டியது இங்கிலாந்தே. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இறந்தோரைக் கம்பளித் துணியிலன்றி வேறெதிலும் சுற்றிப் புதைத்தலாகாதென ஆங்கிலப் பாராளுமன்றம் விதித்தது. 1678ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிணம் கம்பளியிற் சுற்றப்பட்டதெனச் சத்தியக் கடதாசி கொடுத்தல் வேண்டும். தவறின் ஐந்து பவுண் தண்டம். உயிருள்ளோர் உடுப்பதைத் தடுப்பது கடினமெனக் கண்டு, மறுத்துரைக்க வாயில்லாத பிணங்களைக்கொண்டு கைத்தொழிலைக் காத்தனர் போலும்! வழக்கிறந்து நெடுங்காலமாகியும் ஏட்டில் நின்ற அச்சட்டம் 1814இலேயே நீக்கப்பட்டது.

இதற்கடுத்து வந்தது நம்மவரோடு நேரே தொடர்புடையது. சோழமண்டலக் கரையிலே தமிழரும் தெலுங்கரும் நெய்து சாயந்தோய்த்த பருத்தித் துணிகள் இலண்டன் மாநகரிலே பெருவிருப்பத்துடன் வாங்கப்பட்டன. அவை இலேசானவை, மலிவானவை, துவைத்தாலும் நிறம் மங்காதவை. கம்பளி நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். 1700ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா முதலிய கீழைநாடுகளின் அச்சுத் துணிகளை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுப்பதையே குற்றமாக்கியது. இத்தடை 1774வரை நின்றது. ஓர் ஊரின் நெசவாளனைக் காக்க எழுந்த சுவர் மற்றோர் ஊரின் நெசவாளன் மீது நிழல் வீழ்த்துமென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே இங்கிலாந்து, 1699ஆம் ஆண்டுச் சட்டத்தினால், தன் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் கம்பளித் துணியை வெளியே அனுப்புவதையும், ஒரு குடியேற்றத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசென்று விற்பதையும் தடுத்தது. வீட்டுத் தேவைக்கு நெய்யலாம்; குடியேற்றத்துக்கு வெளியே விற்பதற்கு நெய்தலாகாது. எனவே 1760களில் வரிப்பூசல் மூண்டபொழுது, வீட்டிலே நூற்று நெய்த முரட்டுத் துணியை உடுப்பது அமெரிக்கரிடையே நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. 1789இல் ஜோர்ஜ் வாஷிங்டன் முதற் சனாதிபதியாகப் பதவியேற்றபொழுது, கொனெற்றிக்கற் மாநிலத்து ஹாட்பேட் ஆலையில் நெய்த பழுப்பு நிறக் கம்பளி உடையை அணிந்திருந்தார். இராட்டையைக் கொடியிற் பொறிப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, உடையை அரசியற் கூற்றாக்கிய செயல் இது.

1830இலே ஜோன் றிச் என்னும் ஆங்கிலேயக் குடியேறி பென்சில்வேனியா மாநிலத்திலே சிறு கம்பளி ஆலையொன்றை அமைத்தார். அருகிருந்த காடுகளில் மரம் வெட்டுவோரே அவருடைய முதல் வாடிக்கைக்காரர். செந்நிறமும் கருநிறமும் கலந்த பெருங்கட்டச் சட்டை அத்தொழிலாளரின் முத்திரையாகவே பின்னர் ஆயிற்று. கடுங்குளிரிலே கோடரி வீசுபவனுக்கு வியர்வையும் உண்டு, உறைபனியும் உண்டு. கம்பளி ஈரமானபோதும் ஓரளவு வெதுவெதுப்பை விடாது. பருத்தி நனைந்தால் உடலோடு ஒட்டிக் குளிரை வளர்க்கும். ஒறிகன் மாநிலத்துப் பென்டில்ரன் ஆலை 1909இலே தோன்றி, 1924இல் வண்ணக் கட்டக் கம்பளிச் சட்டைகளைச் செய்யத் தொடங்கியது. அதுவரை உழைப்பாளியின் உடையாயிருந்த கம்பளிச் சட்டை, அதன்பின் ஓய்வு நாளில் யாவரும் விரும்பி அணியும் உடையாகவும் மாறலாயிற்று.

உள்நாட்டுச் சரக்கெல்லாம் நற்சரக்கென எண்ணுதல் பேதைமை. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும், படையினர்க்கு உடைகள் அவசரமாகத் தேவைப்பட்டன. பழங்கந்தைகளைக் கிழித்து, மீண்டும் நூலாக்கி நெய்த போலிக் கம்பளியினால் உடை தைத்துக் கொடுத்த ஒப்பந்தகாரர் சிலர் இருந்தனர். கந்தையை மறுபடி நூலாக்கும் முறை, 1813 அளவில் இங்கிலாந்தின் பற்லி நகரிலே பெஞ்சமின் லோ என்பவராற் புனையப்பட்டது. முறையிற் குற்றமில்லை, அதனைப் புதுக் கம்பளியென்று விற்றதே குற்றம். அத்துணியின் பெயராகிய 'சொடி' என்பதே ஆங்கிலத்தில் இழிந்த வேலைப்பாடு அனைத்துக்கும் பெயராயிற்று. நாட்டுப்பற்றின் பெயரால் வாங்கிய உடை மழையிற் கரைந்தால், உடையோடு நம்பிக்கையும் கரைந்துபோகும்.

பருத்தி மலிந்தபின், பருத்தியிலேயே இழை எழுப்பிக் கம்பளி போலத் தோன்றச் செய்யும் முறை பரவியது. ஏழைகளின் குழந்தைகளுக்கு அது பெரும் வரமாயினும், ஒரு கேடும் உடன்வந்தது. எழுந்து நிற்கும் பருத்தியிழை கண்ணிமைக்கும் பொழுதிலே தீப்பற்றும். கணப்பு அடுப்பின் அருகே விளையாடிய பிள்ளைகள் பலர் இங்கிலாந்திலே உயிரிழந்தனர். செயற்கைச் சாயத்தை முதன்முதற் கண்ட பேர்க்கினுடைய மைந்தரும் இரசாயன அறிஞராவர். அவர் வெள்ளீயச் சேர்க்கைகளால் அத்துணி எளிதில் எரியாதிருக்கும் முறையொன்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார். 1913இலே, 'எரியாத துணி' எனப் பொய்கூறி விற்பதைத் தடுக்கச் சட்டமும் வந்தது. கம்பளியோ எளிதிற் பற்றாது; பற்றினும் கருகுமேயன்றி விரைந்து எரியாது. சிறு பிள்ளைகளுக்கு இரவுடை வாங்குவோர் இவ்வேறுபாட்டை இன்றும் நினைவிற் கொள்ளல் நன்று.

வேல்ஸ் நாட்டுப் பிளனலின் வீழ்ச்சி இரயில்வண்டியில் வந்தது எனலாம். இலங்காஷயரிலுள்ள றொச்டேல் நகரத்து ஆலைகள் நீராவியினால் ஓடிப் பிளனலை மலிவாக நெய்து குவித்தன. நியூரவுனின் கைத்தறிகள் அவற்றோடு போட்டியிட இயலாது தளர்ந்தன. கூலி குறைந்தபொழுது மக்கள் பொறுமை இழந்தனர். 1839இலே அண்மையிலுள்ள லனிட்லோஸ் நகரத்து நெசவாளர், வாக்குரிமை கோரிய சாட்டிஸ்ற் இயக்கத்தவராய்க் கிளர்ந்து, சில நாட்கள் நகரத்தையே தம் வசம் வைத்திருந்தனர். போட்டியில் வென்ற றொச்டேலிலும் நெசவாளன் வாழ்ந்தானல்லன். அங்கே 1844இல் இருபத்தெட்டுப் பேர் கூடிக் கூட்டுறவுக் கடையொன்றைத் திறந்தனர். அவருட் பலர் பிளனல் நெசவாளர். உலகக் கூட்டுறவு இயக்கமே அக்கடையைத் தன் தாய்வீடென்று கொண்டாடுகின்றது. நம்மூர்ச் சங்கக்கடைக்கும் பிளனல் துணிக்கும் உள்ள உறவு இதுவே.

தன் ஊரை அழித்த அதே இரயில்வண்டியைக்கொண்டு ஊரை நிறுத்த முயன்றவரும் நியூரவுனில் இருந்தார். பிறைஸ் ஜோன்ஸ் என்னும் அறுவை வணிகர், வேல்ஸ் பிளனலின் துண்டுகளையும் விலைப்பட்டியலையும் தபாலில் அனுப்பி, கட்டளை பெற்று, இரயிலிலே சரக்கை அனுப்பினார். விக்டோரியா மகாராணியாரும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரும் அவருடைய வாடிக்கைக்காரராயினர். 1879இல் இரயில் நிலையத்தின் அருகே அவர் எழுப்பிய பெருங்கட்டடம் இன்றும் நிற்கின்றது. ஆயினும், விற்பனை முறையிலே புதுமை செய்தவரும் தறிகள் ஓய்வதைத் தடுக்க இயலவில்லை.

அமெரிக்காவிலே இதே கதை ஒரு நூற்றாண்டு கழித்து மீண்டும் நிகழ்ந்தது. வட கரோலினா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த 'றெவலூசன்' ஆலை, தென்மாநிலங்களின் முதற் பெரும் பிளனல் ஆலையாய் விளங்கியது. 1982இல் அதன் இயந்திரங்கள் ஓய்ந்தன. 1974இல் ஏற்பட்ட பல்லிழை உடன்படிக்கை, ஒவ்வொரு நாடும் எவ்வளவு துணி அனுப்பலாமென வரம்பு விதித்திருந்தது. 2005 தொடக்கத்தில் அவ்வரம்பும் நீங்கியது. ஜோன் றிச் 1830இல் தொடங்கிய நிறுவனத்தின் பென்சில்வேனிய ஆலை 2018இல் மூடப்பட்டது. அதே ஆண்டிலே, பருத்தி முதல் தையல்வரை யாவும் அமெரிக்காவிலேயே நிகழ்ந்த பிளனற் சட்டையொன்றை 'அமெரிக்கன் ஜயன்ற்' என்னும் நிறுவனம் வெளியிட்டது. நூலுக்குச் சாயமிடுவோர், நெய்வோர், இழை எழுப்புவோர் என அறுந்த சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தேடிச் சேர்க்க நேர்ந்ததாம். ஸ்ரீவன் குரூற்ஸ் என்னும் எழுத்தாளர் 2024இலே இம்முயற்சியை ஒரு நூலாகவே எழுதியுள்ளார். ஒரு சட்டை தைத்தமை நூல் எழுதற்குரிய செயலாகிவிட்டதெனின், கைவினையொன்றை இழப்பது எளிது, மீட்பது எத்துணை அரிது என்பது விளங்கும்.

ஆயின், நற்சட்டையைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு? வரலாறு கற்பித்த பாடங்களைக் கடையிலே பயன்படுத்தலாம். முதலாவதாக, சட்டையின் உட்புறத்தைப் பார்த்தல் வேண்டும். நூலுக்கே சாயமிட்டு நெய்த துணியிற் கட்டங்கள் இருபுறமும் ஒரே தெளிவுடன் தோன்றும். நெய்தபின் அச்சிட்டதாயின் உட்புறம் வெளிறியிருக்கும். அடுத்து, துணியை வெளிச்சத்துக்கெதிரே பிடித்தல் வேண்டும். எழுப்பிய இழையின் பின்னே பாவும் ஊடும் நெருங்கி நின்றால் உறுதியானது. சல்லடை போல ஒளி புகுந்தால் அதன் மென்மை வெறும் மயக்கமே. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தபொழுது இழைகள் உதிர்ந்து கையில் ஒட்டுமாயின் அச்சட்டையை விட்டுவிடல் நன்று. பக்கத் தையல்கள் இருபுறமும் மடித்து இரட்டையாகத் தைக்கப்பட்டுள்ளனவா, தோட்பட்டி இரண்டு மடிப்பாக உள்ளதா, பையின் கட்டங்கள் சட்டையின் கட்டங்களோடு பொருந்துகின்றனவா என்பனவும் நோக்கத்தக்கன. கட்டம் பொருத்தி வெட்டுதற்குத் துணியும் நேரமும் மிகுதியாகச் செலவாகும். அங்கே சிக்கனம் செய்யாதவன் உள்ளேயும் செய்திருக்கமாட்டான் என நம்பலாம். வாங்கியபின், குளிர்ந்த நீரிலே துவைத்து நிழலில் உலர்த்தினால் ஆயுள் நீளும்.

சட்டையின் உட்பட்டியைப் படிப்பதும் ஒரு கல்வியே. அமெரிக்காவிலே கம்பளிக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டமும், ஏனைய துணிகளுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டமும், எந்த இழை எவ்வளவு உள்ளதென்பதைப் பட்டியிலே பொறிக்கக் கட்டளையிடுகின்றன. 'இறக்குமதித் துணியால் அமெரிக்காவிலே செய்யப்பட்டது' என்னும் வாசகத்தைச் சில பட்டிகளிற் காணலாம். நேர்மையான வாசகம் அது. சுதேசம் என்பது முழுமையாக உண்டு அல்லது இல்லை என்னும் பொருளன்று; படிப்படியானது என்பதை அது ஒப்புக்கொள்கின்றது.

நுவரெலியாக் கடைக்காரரின் விடையும் ஏறக்குறைய அதுவே. 1978இலே கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் தோன்றியது. ஏனைய நாடுகளின் துணி வரம்புகள் நிரம்பிவிட்டமையால், வரம்பு மீந்திருந்த நம் நாட்டை நாடி ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. வெள்ளவத்தையிலும் துல்கிரியவிலும் நமக்கெனத் துணியாலைகள் ஓங்கியிருந்த காலமும் ஒன்றுண்டு. ஆனால் இன்று நாம் தைக்கும் நெய்துணியிற் பெரும்பங்கு கடல்கடந்தே வருகின்றது. தையல் நம்முடையது, தறி பிறருடையது.

ஒருமுறை பத்தாம் வகுப்பிலே கைத்தொழிற் புரட்சியைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆலைகள் மூடப்பட்டு அமெரிக்க நெசவாளர் வேலையிழந்த துயரத்தைச் சற்று உருக்கமாகவே கூறினேன். வகுப்பின் பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி எழுந்து, "சேர், அந்த வேலை இங்க வந்தபடியால்தானே அக்கா என்னைப் படிக்க வைக்கிறா?" என்றாள். அவளுடைய தமக்கை ஆடைத் தொழிற்சாலையிலே தைக்கும் பெண். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. அன்று பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பின்னர் நெடிது எண்ணிப் பார்த்தேன். சோழமண்டல நெசவாளன் இழந்ததை நியூரவுன் பெற்றது. நியூரவுன் இழந்ததை றொச்டேல் பெற்றது. கிறீன்ஸ்பரோ இழந்தவற்றுள் ஒரு பங்கேனும் அப்பெண்ணின் சம்பளப் பொதியிலே வந்து சேர்ந்தது. நாளை அது நம் கையை விட்டும் போகலாம். சுவரெழுப்பி இதனைத் தடுக்க முயன்ற சட்டங்கள் எத்தகையனவென்பதைக் கண்டோம். சுவரில்லாமற் கைவிட்ட நாடுகளின் நிலையையும் கண்டோம். இரண்டுக்கும் நடுவே வாங்குவோன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மலிவான மூன்று சட்டைகளுக்குப் பதிலாக உறுதியான ஒன்றை வாங்குதல். அதனை யார் நெய்தார், யார் தைத்தார் என வினவுதல். முடிந்தவரை தன் நாட்டுக் கைகள் பட்டதைத் தெரிதல். பிறநாட்டுக் கைகள் பட்டதாயின் அவற்றையும் மதித்தல். இவ்வாறு வினவுவோர் பெருகினால், பதில் சொல்லும் கடமை கடைக்காரருக்கும் ஆலைக்காரருக்கும் வந்தே தீரும்.

நான் அன்று வாங்கிய சட்டை இன்றும் என்னிடம் உள்ளது. இடது முழங்கையிலே மட்டும் என் மனைவியார் ஒட்டுப்போட்டுத் தந்துள்ளார். மற்றைத் தையல்கள் ஒன்றேனும் விடவில்லை. அவற்றைத் தைத்த பெண் யாரென்று யான் அறியேன். துணியை நெய்தவன் யாரென்றும் அறியேன். ஆயினும் குளிர்காலத்து விடியலிலே அதனை அணியுந்தோறும், அவ்விருவருக்கும் நான் கடன்பட்டிருப்பதை மறப்பதில்லை.